மாரி மழையில் முளைக்கும் காளான்: மாமியின் அறிவை எதுவரை நம்பலாம்?

திருகோணமலை மாவட்டத்தின் தம்பலகாமத்தை அண்டிய ஒரு கிராமத்திலிருந்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மாமி, ஐப்பசி மழை தொடங்கியதும் வயலுக்கு அப்பாலுள்ள மேட்டுநிலப் புற்றுகளில் காளான் பறித்து வந்து சமைப்பவர். பல ஆண்டுகளாக அந்த வீட்டில் அதனால் எவருக்கும் ஒரு தீங்கும் நேர்ந்ததில்லை. இம்முறை வாசகியின் 7 வயது மகன், பாடசாலைத் திடலின் புல்லில் வட்டமாக முளைத்திருந்த பெரிய வெள்ளைக் காளான்களை நண்பர்களோடு பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறான். மாமி அவற்றைப் பார்த்து, நிறம் வெள்ளையாக இருக்கிறது, பூச்சியும் அரித்திருக்கிறது, ஆகவே நல்ல காளான்தான் என்று சொல்லியிருக்கிறார். உள்ளியும் வெள்ளி மோதிரமும் இட்டு அவித்தபோது இரண்டும் கறுக்கவில்லை. தேங்காய்ப்பால் விட்டுக் கறியாக்கி மதியம் உண்டிருக்கிறார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் வாசகிக்கும் மகனுக்கும் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கின. மகனுக்கு வைத்தியசாலையில் ஓர் இரவு சேலைன் ஏற்றவேண்டி வந்தது. அதே கறியை உண்ட கணவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் வேலியோரம் எறிந்து கிடந்த ஒரு காளான் குடையின் அடிப்புறம், பாசி பிடித்தாற்போல் பச்சையாக மாறியிருந்ததாகவும் வாசகி குறிப்பிடுகிறார்.

இது நடந்து பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. மகனின் ஈரல் பழுதடைந்திருக்குமா, இனிக் காளானே சமைக்கக் கூடாதா, நல்லதையும் நஞ்சையும் பிரித்தறிய உறுதியான வழி உண்டா என்று கேட்கிறார். குளத்து மீனோடு சேர்த்து உண்டதே காரணம் என்று கணவர் வீட்டார் சொல்வது சரியா என்பது இன்னொரு கேள்வி. புற்றுக்காளானைச் சேகரித்து நிலாவெளி விடுதிகளுக்கு விற்கலாமா என்று அவருடைய தம்பி யோசிக்கிறாராம். கடிதத்தின் கடைசி வரி என்னை மிகவும் வருத்தியது: “அன்றிலிருந்து மாமி அடுப்படிப் பக்கமே வருவதில்லை.”

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மகனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அச்சத்துக்குக் காரணமான நஞ்சு உண்மையில் இருக்கிறது. அமனிட்டா இனத்தின் சில காளான்களிலும், லெபியோட்டா, கலெரினா போன்ற சிறிய காளான்கள் சிலவற்றிலும் உள்ள அமற்றொக்சின் என்ற நஞ்சு, ஈரல் கலங்கள் புரதம் ஆக்கும் வேலையை நிறுத்தி அவற்றைக் கொல்லும். ஆனால் அது தன்னை வெளிக்காட்டும் விதம் வேறு. உண்ட பின் பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் வரை, சிலரில் ஒரு நாள் வரைகூட, எந்த அறிகுறியும் இராது. பிறகு கடும் வயிற்றோட்டம் வந்து, ஓரிரு நாளில் அடங்கி, நோயாளி தேறிவிட்டார் என்று வீட்டார் ஆறுதல் கொள்ளும் வேளையில், மூன்றாம் நாளளவில் மஞ்சட்காமாலையும் குருதிக் கசிவும் தலைகாட்டும். உங்கள் மகனுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் நோய் தொடங்கி, மறுநாளே தணிந்து, பன்னிரண்டு நாட்களாக அவன் நன்றாக உண்டு விளையாடுகிறான் என்றால், ஈரலைத் தாக்கும் நஞ்சு அவனுடலில் வேலை செய்திருப்பதற்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு. உங்கள் மன அமைதிக்காக ஒருமுறை ஈரல் தொழிற்பாட்டுக் குருதிப் பரிசோதனை செய்துகொள்ளலாம். அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

அந்த வெள்ளைக் குடை எது?

காளானைக் கையில் எடுத்துப் பாராமல் பெயர் சொல்வது சரியான முறை அல்ல. ஆயினும் நீங்கள் எழுதிய நான்கு செய்திகள் ஒரே திசையைக் காட்டுகின்றன: திறந்த புல்வெளியில் வட்டமாக முளைத்தது, பெரிய வெள்ளைக் குடை, இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி, மறுநாள் பச்சையாக மாறிய அடிப்புறம். குளோரோபில்லம் மொலிப்டைட்டிஸ் என்ற காளானுக்கு இவை அனைத்தும் பொருந்தும். வெப்ப நாடுகளின் புற்றரைகளிலும் விளையாட்டுத் திடல்களிலும் வீட்டு முற்றங்களிலும் மழைக்குப் பின் இது தாராளமாக முளைக்கிறது. குடை விரிந்தால் ஒரு சாப்பாட்டுக் கோப்பையின் அகலத்துக்கு வளரும். வெள்ளைப் பரப்பின் நடுவில் கபில நிறச் செதில்கள் ஒட்டியிருக்கும். தண்டில் ஒரு வளையம் இருக்கும், முற்றிய காளானில் அதை மேலும் கீழும் நகர்த்தலாம். குடையின் அடியிலுள்ள மெல்லிய தகடுகள் இளமையில் தூய வெள்ளையாக இருந்து, வித்திகள் முற்றும்போது சாம்பல் கலந்த பச்சையாகும். உங்கள் மகன் கொண்டுவந்தவை இளம் காளான்களாக இருந்திருக்கும். சமைக்கும்போது அந்தப் பச்சை இன்னும் வெளிப்படவில்லை.

நீங்கள் இருவரும் நோயுற்று, கணவர் மட்டும் தப்பியதற்கு மீனைக் காரணம் காட்ட வேண்டியதில்லை. இந்தக் காளானை உண்டவர்களில் சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை, அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து உண்டவர்கள் நீரிழந்து துவண்டு போவார்கள். இந்த வேறுபாடு மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பதிவாகி வந்திருக்கிறது. உண்ட அளவு, வெந்த அளவு, உடலின் இயல்பு ஆகியவை எல்லாம் இதில் சேரும். மீனும் காளானும் சேர்ந்தால் நஞ்சாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்த நம்பிக்கையின் ஆபத்து என்னவென்றால், அடுத்த முறை மீன் இல்லாமல் அதே காளானைச் சமைக்க அது வழிவிடுகிறது.

உணவோடு உட்கொள்ளும் வேறொன்று உண்மையிலேயே தீங்காக மாறும் ஒரு சந்தர்ப்பம் மட்டும் உண்டு. முற்றியதும் மை போல் கரைந்து வழியும் காளான்களில் ஒருவகை, கள்ளோ சாராயமோ அருந்துபவருக்கு முகம் சிவத்தல், நெஞ்சுப் படபடப்பு, வாந்தி ஆகியவற்றை உண்டாக்கும். காளானை உண்டு ஓரிரு நாள் கழித்துக் குடித்தாலும் இது நேரலாம்.

மோதிரமும் உள்ளியும் சொல்லாதவை

வெள்ளி கறுப்பது கந்தகச் சேர்வைகளால். காளானின் நஞ்சுகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. உள்ளி நிறம் மாறுவதும் அப்படித்தான். அமற்றொக்சின் கலந்த நீரில் வெள்ளி மோதிரத்தை இரவு முழுவதும் ஊற வைத்தாலும் அது பளபளப்பாகவே இருக்கும். பூச்சியும் நத்தையும் அரித்த காளான் மனிதருக்கும் நல்லது என்ற எண்ணமும் தவறு. மனிதரைக் கொல்லும் அமனிட்டாவை நத்தைகள் தீங்கின்றி உண்கின்றன. கோழிக்கோ நாய்க்கோ போட்டுப் பார்ப்பவர்கள் அரை மணி நேரம் காத்திருந்துவிட்டுச் சமைப்பார்கள். மேலே சொன்ன நஞ்சு பேசத் தொடங்குவதோ அடுத்த நாள் காலையில்.

நிறமும் துணை செய்யாது. கொல்லும் அமனிட்டாக்களில் சில முழு வெள்ளையாக, பார்வைக்கு மிகத் தூய்மையாக இருக்கும். சுவையும் அப்படியே, அவற்றை உண்டு உயிர் பிழைத்தவர்கள் அது ருசியாக இருந்தது என்றே சொல்லியிருக்கிறார்கள். அவித்து நீரை வடித்தாலும், மஞ்சளிட்டாலும், வெயிலில் உலர்த்தினாலும் அமற்றொக்சின் அழியாது. நஞ்சு இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் வீட்டுச் சோதனை எதுவும் இல்லை. இன்ன காளான் என்று வேர் முதல் குடை வரை அடையாளம் தெரிந்தால் உண்ணலாம், தெரியாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

மாமிக்குத் தெரிந்தது உண்மையான அறிவு

இதை வீட்டில் எல்லோரும் இருக்கும்போது வாசித்துக் காட்டுங்கள். உங்கள் மாமி இத்தனை ஆண்டுகளாகப் பறித்த புற்றுக்காளான் டெர்மிட்டோமைசிஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. இதைக் கறையான்களே புற்றுக்குள் வளர்க்கின்றன. மென்ற மரத்துகளாலும் சருகாலும் கடற்பஞ்சு போன்ற ஒரு கூடு கட்டி, அதில் இந்தப் பங்கசை வளர்த்து உண்கின்றன. மழையில் நிலம் நனைந்ததும் அந்தக் கூட்டிலிருந்து ஒரு நீண்ட வேர் மண்ணைத் துளைத்து மேலே வந்து குடை விரிக்கும். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய பங்கசு ஆய்வாளர் தோமஸ் பெட்ச், இலங்கையின் புற்றுகளைத் தோண்டிப் பார்த்து 1906 இல் இதை விரிவாக எழுதினார். அவர் எழுதும் முன்பே நம் ஊர்ப் பெண்களுக்கு எந்தப் புற்றில் எந்த மழைக்குப் பின் காளான் வரும் என்பது தெரிந்திருந்தது. இடி இடித்தால் காளான் முளைக்கும் என்ற பேச்சும் வெறுங்கதை அல்ல. வடகீழ்ப் பருவமழைக்கு முந்திய ஐப்பசி மழை எங்கள் மாவட்டத்தில் பெரும்பாலும் இடியோடுதான் வருகிறது. காளானை எழுப்புவது நனைந்த மண், இடி அதனுடன் கூட வருவது.

மாமி புற்றுக்காளானை அறிந்த விதத்தைக் கவனித்துப் பாருங்கள். இடத்தைத் தெரியும், காலத்தைத் தெரியும், மண்ணுக்குள் செல்லும் வேரைத் தெரியும், குடையின் நடுவே கூராக நிற்கும் முனையைத் தெரியும். அங்கே அவர் மோதிரத்தை நம்பியிருக்கவே தேவையில்லை. திடலிலிருந்து வந்த காளானிலோ அவருக்குப் பழக்கமான இந்த அடையாளங்களில் ஒன்றுகூட இல்லை. தண்டை ஒடித்துப் பிடுங்கிக் கொண்டுவந்திருந்தபடியால் அடிப்பகுதியே அவர் கண்ணில் பட்டிராது. அந்த இடத்தை வெள்ளை நிறமும் பூச்சி அரிப்பும் மோதிரமும் நிரப்பிவிட்டன. ஒரு காளானைப் பற்றிய அறிவை மற்றொன்றுக்குக் கடன் கொடுத்ததுதான் இங்கே நடந்த பிழை. பேரன் ஆசையோடு கொண்டுவந்ததை மறுக்க மனம் வராமல் அவர் அதைச் செய்திருக்கிறார்.

ஆகவே இனிக் காளானே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். மாமி தன் கையாலேயே புற்றில் கண்டு, வேரோடு தோண்டி எடுத்த புற்றுக்காளானை நீங்கள் தொடர்ந்து சமைக்கலாம். பிள்ளைகள் கொண்டுவருவதையும், பாதையோரத்தில் பெயர் தெரியாமல் விற்பதையும், புற்றுக்குப் பக்கத்தில் முளைத்தது என்ற ஒரே காரணத்தால் நல்லது என்று சொல்லப்படுவதையும் சமைக்க வேண்டாம். புற்றின் அருகே வேறு காளான்களும் முளைக்கும். தண்டைத் தொடர்ந்து தோண்டினால் வேர் புற்றுக்குள் இறங்குகிறதா என்பதே அங்கே பார்க்க வேண்டியது. தோண்டும்போது கூடு வரை போக வேண்டாம். கூடு சிதைந்தால் அடுத்த மாரிக்கு அந்த இடத்தில் காளான் வராமற் போகலாம்.

பார்க்க வேண்டிய அடையாளங்கள்

காளானை எப்போதும் அடியோடு எடுங்கள். அடியில் முட்டை ஓடு பிளந்தாற்போன்ற ஒரு பை இருந்து, தண்டில் வளையமும், தகடுகளில் வெள்ளை நிறமும் சேர்ந்திருந்தால் அதை வீட்டுக்கே கொண்டுவர வேண்டாம். கொல்லும் அமனிட்டாவின் முகம் அது. சில குறிப்பிட்ட மரங்களின் வேர்களோடு கூடி வாழும் இனமாதலால் அதை வெளியான புல்லைவிட மரங்களின் அடியிலேயே காணலாம். ஆனால் லெபியோட்டாக்களில் சில அதே நஞ்சைக் கொண்டு சருகிலும் புல்லிலும் முளைக்கும். அவற்றுக்குப் பை கிடையாது. விரல் நீளத்துக்கு மேல் வளராத, செதில் படர்ந்த சிறு குடைகளை ஒட்டுமொத்தமாகத் தவிர்ப்பதே என் அறிவுரை.

வைக்கோற் காளான் பற்றி ஒரு சொல் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அறுவடை முடிந்த பின் உங்கள் பக்கத்தில் நனைந்த வைக்கோற் போர்களில் அது முளைக்கும். நல்ல உணவுக் காளான்தான். ஆனால் அதற்கும் அடியில் பை உண்டு, முட்டைப் பருவத்தில் அதையும் அமனிட்டாவையும் பிரிப்பது கடினம். ஆசிய நாடுகளில் இதை உண்டு பழகியவர்கள் வேறு நாடுகளில் குடியேறிய பின், அங்கே ஓக் மரத்தடியில் முளைத்த அமனிட்டாவை வைக்கோற் காளான் என்று நினைத்து உண்டு இறந்திருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் கன்பராவில் 2012 புத்தாண்டையொட்டி நேர்ந்த இரு மரணங்கள் அவ்வாறு நிகழ்ந்தவை. அவர்களும் தம் ஊரில் சரியாகவே அறிந்திருந்தார்கள். வைக்கோலிலேயே முளைத்ததா, மண்ணில் முளைத்ததா என்று தெரியாத முட்டைக் காளானை எடுக்காதீர்கள்.

வித்தியின் நிறம் பார்ப்பதை நீங்களும் மாமியும் பழகிக்கொள்ளலாம். குடையைத் தண்டிலிருந்து வெட்டி, தகடுகள் கீழ்நோக்கியிருக்க, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான ஒரு தாளில் வைத்து, சிரட்டையால் மூடி இரவு முழுவதும் விடுங்கள். காலையில் தாளில் பொடி படிந்திருக்கும். புற்றுக்காளான் இளஞ்சிவப்புக் கலந்த வெளிர் நிறம் தரும், வைக்கோற் காளானும் இளஞ்சிவப்பே தரும். அமனிட்டா வெள்ளை, உங்கள் திடலில் முளைத்தது பச்சை. இந்தச் சோதனை காளானை நிராகரிக்க உதவும். அதை மட்டும் கொண்டு ஒரு காளானை ஏற்றுக்கொள்ளக் கூடாது, ஏனெனில் இளஞ்சிவப்பு வித்தியுள்ள என்டொலோமா இனத்திலும் நஞ்சுள்ளவை இருக்கின்றன.

மாட்டுச் சாணத்தில் முளைக்கும் மெல்லிய காளான்களை உணவாகவே எண்ண வேண்டாம். அழுத்தினால் நீலம் பாயும் சில வகைகள் மனமயக்கத்தை உண்டாக்கும். அவற்றுள் பனியோலஸ் சயனெசென்ஸ் என்பது, இலங்கையில் சேகரித்த மாதிரியைக் கொண்டே 1871 இல் முதன்முதலில் விவரிக்கப்பட்டது. பிள்ளைகள் விளையாட்டாகக் கடித்தால் பயங்கரக் காட்சிகளும் அச்சமும் தோன்றலாம்.

நல்ல காளானும் கெட்டுப்போனால் நஞ்சுதான். பொலித்தீன் பையில் அடைத்தால் வியர்த்து ஒரு நாளில் அழுகும், ஆகவே பனையோலைப் பெட்டியில் எடுத்து வந்து அன்றே சமைத்துவிடுங்கள். களைநாசினி தெளித்த வரம்பிலும் குப்பை எரித்த இடத்திலும் முளைத்தவை வேண்டாம். சமைக்காத காளான் ஒன்றைத் தாளில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் வைத்திருங்கள். எவருக்காவது நோய் கண்டால் வைத்தியருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் காட்டுக் காளான் கொடுக்காதீர்கள். மாமி புற்றுக்குள் கைவிடும் முன் தடியால் தட்டிப் பார்க்கட்டும், நாகமும் விரியனும் அங்கே தங்கும். கந்தளாய்ப் பக்கக் காட்டோரங்களுக்கு விடியற்காலையில் தனியே போவது யானைகளால் ஆபத்தானது.

மீண்டும் இப்படி நேர்ந்தால்

உண்ட நேரத்தையும் அறிகுறி தொடங்கிய நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரத்துக்குப் பின் தொடங்கும் வாந்தியும் வயிற்றோட்டமும் மிகவும் ஆபத்தானவை. அவை தணிந்துவிட்டாலும் வீட்டில் இருக்கக் கூடாது. சீக்கிரம் தொடங்கியது என்பதால் மட்டும் கவலையை விட்டுவிடவும் வேண்டாம், ஒரே சட்டியில் இரண்டு வகைக் காளான் கலந்திருந்தால் முதல் நோய் இரண்டாவதை மறைத்துவிடும். உப்பு நீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்காதீர்கள். 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள், அல்லது கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளில் அண்மையிலுள்ளதற்கோ திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ செல்லுங்கள். மிஞ்சிய கறியையும் சமைக்காத காளானையும் கொண்டுபோங்கள். கறியை உண்டவர்களில் நோய் காணாதவர்களும் கூடவே போக வேண்டும். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலுள்ள தேசிய நச்சுத் தகவல் நிலையத்தோடு நீங்கள் சென்ற வைத்தியசாலையின் வைத்தியர்கள் தொடர்புகொள்ள முடியும். நஞ்சை உறிஞ்சும் உயிர்ப்பூட்டிய கரி, நாளத்தினூடாகத் திரவம், ஈரலைக் காக்கக் கொடுக்கும் அசற்றைல்சிஸ்ரீன், சிலிபினின் என்ற மருந்துகள் போன்ற சிகிச்சைகள் உண்டு. எவ்வளவு முந்தித் தொடங்குகிறோமோ அவ்வளவுக்கு ஈரலைக் காப்பாற்றும் வாய்ப்புக் கூடும்.

தம்பியின் யோசனை

காட்டுக் காளானை விற்க வேண்டாம் என்றே தம்பியிடம் சொல்லுங்கள். வீட்டில் மாமியின் கண் ஒவ்வொரு காளானிலும் படுகிறது. விற்பனைக்குக் கூடை கூடையாகச் சேரும்போது பலர் பறித்தது கலந்துவிடும். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் உடலுக்குத் தீங்கான உணவை விற்பதைத் தடைசெய்கிறது, தெரியாமல் விற்றேன் என்பது அவரைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்க முடியாது. சட்டத்துக்கு அப்பால் ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. நிலாவெளியில் சுற்றுலாப் பயணிகள் நிறைவது மே முதல் செப்டெம்பர் வரை, புற்றுக்காளானோ அவர்கள் போன பின் ஐப்பசியில்தான் முளைக்கும்.

காளானில் அவருக்கு உண்மையான ஆர்வம் இருந்தால் வளர்க்கட்டும். மரத்தூள் பைகளில் வளர்க்கும் சிப்பிக் காளானுக்குச் சந்தை உண்டு. ஆனால் எங்கள் வெப்பத்தில் அதற்கு நிழலும் ஈரமும் கவனமாகப் பேண வேண்டும். வைக்கோற் காளான் 30 முதல் 35 பாகை வரையான வெப்பத்தை விரும்புவது, வைக்கோலும் உங்கள் ஊரில் தாராளம். அதன் குறை, சாதாரணக் குளிர்சாதனப் பெட்டியின் குளிரில் அது நீர்விட்டுக் கெட்டுவிடும் என்பதே. பறித்த அன்றே விடுதியின் சமையலறைக்குச் சேர்க்க முடியுமா என்பதை முதலில் கணக்கிடச் சொல்லுங்கள். இரண்டுக்கும் வித்துப் பைகளை நம்பகமான இடத்தில் வாங்க வேண்டும். விவசாயத் திணைக்களத்தின் உங்கள் பிரதேச விவசாயப் போதனாசிரியரிடம் பயிற்சி பற்றியும், பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் உணவு கையாளும் விதிகள் பற்றியும் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.